ரெண்டு பக்கத்துச் சாட்சி

தீபாவின் பெயரை இரண்டு பக்கமும் சாட்சியாகக் கொடுத்திருந்தார்கள்.

மாமனார் பெருமாள்சாமியின் சாவை விசாரிக்கச் சொல்லி அவள் புருஷன் கண்ணன் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தபோது, 'என் மனைவி அதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸாக இருக்கிறார், நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தான். ஆஸ்பத்திரி அனுப்பிய பதிலில், 'நோயாளியை மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னோம், குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள், நோயாளியின் மருமகளும் எங்கள் ஊழியருமான தீபாவே இதற்குச் சாட்சி' என்று இருந்தது. மருத்துவத் துறையின் மாவட்ட ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லி அவளுக்குத் தபால் வந்த நாளிலிருந்து தீபாவுக்குச் சோறு இறங்கவில்லை. டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும்போது எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டே ஊசி ஏற்றினாள்.

பெருமாள்சாமியைத் திண்டுக்கல்லில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்ததே அவள்தான். தங்கள் ஊரான அகரத்தில் கனகாம்பரத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது குதிகாலில் முள் ஏறியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை இருந்த உடம்பு. கால் வீங்கிச் செருப்புப் போட முடியாமல் ஆன பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. "எங்க ஆஸ்பத்திரிக்கே வாங்க மாமா, நான் கூடவே இருப்பேன்ல" என்று தீபா சொன்னாள். மருமகள் வேலை பார்க்கிற இடம் என்று அவரும் மறுக்காமல் வந்தார். சின்னதாக ஓர் ஆபரேஷன் பண்ணிப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரரிடம் பூ விலை பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குக் குளிர் எடுத்தது. மூச்சு வாங்கியது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. ஆபரேஷன் பண்ணிய பெரிய டாக்டர் ஒட்டன்சத்திரத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ட்யூட்டியில் இருந்தவர் முகேஷ்குமார் என்கிற சின்ன டாக்டர், படிப்பு முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். தீபா கீழே டயாலிசிஸ் பிரிவில் ஒரு நோயாளிக்கு மிஷினைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தபோது, அவர் கண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கிருமி ரத்தத்துல ஏறிருச்சு போல. இங்க வச்சிருக்கறது சரியில்லங்க. மதுரைக்குக் கொண்டுபோயிருங்க."

"பெரிய டாக்டர் பாக்காம எப்படிங்க கொண்டுபோறது?" என்றான் கண்ணன். அவன் முகம் வெளிறியிருந்தது. பின்னால் சுவரோரமாக அவன் அம்மா ஜக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் நர்ஸுகளுக்கெல்லாம் தலைமையான செபாஸ்தியம்மாள் போனை வைத்துவிட்டு வந்தாள். "பெரிய டாக்டர் கிளம்பிட்டாரு தம்பி. ஒட்டன்சத்திரம் தாண்டிட்டாராம். செத்த நேரத்துல வந்துருவாரு."

"அப்ப அவர் வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றான் கண்ணன். "நாங்க இப்ப கொண்டுபோகல."

தீபாவுக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அவள் கீழே போனாள். மிஷினில் ஆள் இருக்கும்போது ரொம்ப நேரம் விட்டுவிட்டு வர முடியாது. கிடைத்த இடைவெளியிலெல்லாம் மேலே ஏறி வந்து, "என்னக்கா, வந்துட்டாரா?" என்று செபாஸ்தியம்மாளைக் கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்காரு" என்றே பதில் வந்தது. பெரிய டாக்டர் வந்தபோது தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். அவரும் பார்த்துவிட்டு மதுரைக்குத்தான் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருவதற்குள் பெருமாள்சாமியின் மூச்சு நின்றுவிட்டது.

இது நடந்து கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரி கேன்டீனில் பெரிய டாக்டரின் டிரைவர் டீ குடித்துக்கொண்டு யாரிடமோ சொன்னான். "அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு முடிச்சு, மண்டபத்துலயே செத்த படுத்து எந்திரிச்சுத்தான் கிளம்புனோம்." தீபா கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள். கிளம்பவே இல்லை. ஒட்டன்சத்திரம் தாண்டவே இல்லை. அக்கா சொன்னது பொய்.

அவளால் அதைக் கண்ணனிடம் சொல்ல முடியவில்லை. அவன் அதற்குள் மனு கொடுத்திருந்தான். இதைச் சொன்னால் அவன் நேராகப் போய் செபாஸ்தியம்மாளின் முன்னால் நிற்பான். செபாஸ்தியம்மாள் வேலை கற்றுக்கொடுத்தவள். தீபாவுக்கு முதல் கரு கலைந்தபோது ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். புருஷன் இல்லாமல், தமிழ்நிலா என்கிற ஒரே பெண்ணை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருப்பவள்.

விசாரணைக்கு முந்தின வாரம் மேனேஜர் பாண்டியராஜ் தீபாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னோமா, இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"உன் வீட்டுக்காரர் வேணாம்னாரா, இல்லையா?"

தீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்புட்டுதான். அதை மட்டும் சொல்லிட்டு வந்துரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். நீ இங்க தொடர்ந்து வேலை பாக்கணும்ல?"

வெளியே வந்தபோது செபாஸ்தியம்மாள் வராந்தாவில் நின்றிருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் வார்டுக்குள் போய்விட்டாள்.

அன்று கண்ணன் வேலையை முடித்துவிட்டு வந்து கை கால் கழுவும்வரை தீபா காத்திருந்தாள். அவன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டுகிறவன். தட்டில் சோறும் வெஞ்சனமும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆபீஸ்ல என்ன கேப்பாங்க?"

"என்ன கேட்டா என்ன? காலையில இருந்து கெடந்தாரு, பெரிய டாக்டர் வரலை. அதைச் சொல்லு."

"மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னதைக் கேட்டா?"

கண்ணனின் கை சோற்றிலேயே நின்றது. "அந்தப் பேச்சே வரலைன்னு சொல்லு."

"வந்துச்சேங்க. நான் அங்கதான நின்னேன்."

"நீ யார் வீட்டுப் பொம்பள?" என்று அவன் திடீரென்று சத்தம் போட்டான். உள்ளறையில் படுத்திருந்த ஜக்கம்மாள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. கண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மதுரைங்கிற வார்த்தைய மட்டும் எடுக்காத தீபா. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இப்படிக் கேட்கிறான் என்று தீபா நினைத்தாள். அப்பாவைச் சாகவிட்டவன் என்று ஊரில் பேர் வந்துவிடும் என்று பயப்படுகிறான். அவளுக்கு அவன்மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டு பேரும் அவளிடம் உண்மையில் பாதியைத்தான் கேட்கிறார்கள். மேனேஜருக்கு ஒரு பாதி, இவனுக்கு இன்னொரு பாதி. மிச்சத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பது?

விசாரணையன்று ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெஞ்சில் கண்ணனும் ஜக்கம்மாளும், எதிர் பெஞ்சில் பாண்டியராஜும் சின்ன டாக்டரும் செபாஸ்தியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டர் எழுத்தில் விளக்கம் கொடுத்துவிட்டு வரவில்லை. தீபா எந்தப் பெஞ்சிலும் உட்காராமல் தூணோரம் நின்றாள். பாண்டியராஜ் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்ணன் அதைக் கவனித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தீபா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். மறுபடியும் குடித்தாள்.

விசாரிக்க வந்திருந்தவர் மஹ்ஜபீன் என்கிற மூத்த டாக்டர். தாழ்ந்த குரல். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு தரப்பையும் அறைக்குள்ளேயே உட்கார வைத்து ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார். கண்ணன் தன் மனுவில் இருந்ததைச் சொன்னான். மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்களா என்று கேட்டபோது, "இல்லைங்க" என்றான். சின்ன டாக்டர் "சொன்னேன் மேடம், இவங்க மறுத்தாங்க" என்றார்.

அடுத்து தீபா.

"நீங்க ரெண்டு பக்கத்துக்கும் வேண்டியவங்க. கஷ்டம்தான்" என்றார் மஹ்ஜபீன். "வேற எதையும் யோசிக்காதீங்கம்மா. அன்னைக்குக் காலையில இருந்து நீங்க கண்ணால பாத்தது, காதால கேட்டது. அதை மட்டும் வரிசையா சொல்லுங்க."

தீபா பேச ஆரம்பித்தபோது தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது. குளிர் எடுத்ததைச் சொன்னாள். சின்ன டாக்டர் வந்ததைச் சொன்னாள். அங்கே வந்து நின்றுவிட்டாள்.

"மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னாரா?"

"சொன்னாரு மேடம்."

கண்ணனின் நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"யார் வேண்டாம்னது?"

"என் வீட்டுக்காரர்."

கண்ணன் எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். பாண்டியராஜ் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "அவ்வளவுதான மேடம்?" என்றார்.

"இன்னும் இருக்கு மேடம்" என்றாள் தீபா. கண்ணில் தண்ணீர் கட்டி எதுவும் தெரியவில்லை. "அவர் சும்மா வேணாம்னு சொல்லல. பெரிய டாக்டர் கிளம்பி ஒட்டன்சத்திரம் தாண்டிட்டாரு, இப்ப வந்துருவாருன்னு சொன்னாங்க. அதைக் கேட்டுத்தான் இருக்கட்டும்னாரு. நானும் அதை நம்புனேன். ஆனா அவர் அப்ப கிளம்பவே இல்ல. சாப்பிட்டுப் படுத்து எந்திரிச்சுத்தான் கிளம்புனாருன்னு அவரோட டிரைவர் சொன்னதைக் கேட்டேன்."

"கிளம்பிட்டாருன்னு சொன்னது யாரு?"

தீபா செபாஸ்தியம்மாளைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது.

"செபாஸ்தியம்மாக்கா."

"நீங்க போகலாம்மா" என்றார் மஹ்ஜபீன். "செபாஸ்தியம்மாள், நீங்க வாங்க." தீபா வெளியே வந்து கண்ணனைத் தேடினாள். வாசலில் நிறுத்தியிருந்த அவன் வண்டியைக் காணவில்லை. உள்ளே செபாஸ்தியம்மாள் என்ன சொன்னாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே வெளியே வந்த ஜக்கம்மாளைக் கூட்டிக்கொண்டு தாடிக்கொம்பு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள். வழி முழுக்க மாமியார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கி நடக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவன் வேணாம்னு சொன்னான்னு எழுதிக்கிட்டாங்களா?"

"ஆமாத்தை."

கண்ணன் அன்று வீட்டுக்கு வரவில்லை. மில்லிலேயே டிரைவர்கள் தங்கும் அறையில் படுத்துக்கொண்டதாக அவன் கூட்டாளி போன் பண்ணிச் சொன்னான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன தீபாவை, "கொஞ்ச நாளைக்கு வீட்ல இரும்மா, கூப்பிடுறோம்" என்று திருப்பி அனுப்பினார்கள். செபாஸ்தியம்மாளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தீபா வீட்டைப் பெருக்கினாள், பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்ததையே திரும்பத் தேய்த்தாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தாள். புருஷனும் போய், வேலையும் போய், அக்காவும் போய், தான் சொன்ன உண்மையால் யாருக்கு என்ன கிடைத்தது என்று நினைத்தாள்.

இப்படி ஒரு வாரம் போனது. ஒரு காலையில் ஜக்கம்மாள் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்பு தாயி. அந்த டாக்டரம்மாகிட்ட எனக்குப் பேசணும்."

"என்ன பேசணும் அத்தை?"

"அவன் வேணாம்னு சொல்லல. நான்தான்." ஜக்கம்மாள் நின்றபடியே சொன்னாள். "நீ மேல வாரதுக்கு முந்தியே அந்தச் சின்ன டாக்டர் ஒருதரம் வந்து சொல்லிட்டுப் போனாரு. கண்ணன் ஒடனே வண்டி புடிக்கப் போனான். நான்தான் அவன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன். மதுரைக்குக் கொண்டுபோனா காலை எடுத்துருவாங்கடா, கால் இல்லாம அந்த மனுசன் தோட்டத்துல எப்படி நிப்பாரு, பெரிய டாக்டர் வரட்டும்டான்னு. அவன் எனக்காகத்தான் நின்னான். எம்பேரு எங்கயும் வந்துரக்கூடாதுன்னுதான் மதுரைப் பேச்சே வேணாம்னு உங்கிட்ட கெஞ்சினான். நான் உள்ள படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

தீபா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான் என்று எத்தனை நிச்சயமாக நினைத்திருந்தாள்!

மஹ்ஜபீன் வேறொரு வேலையில் இருந்தார். வராந்தாவில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் ஜக்கம்மாள் நாற்காலியில் உட்காராமல், சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "எம்மகன் பேரை அடிச்சுட்டு எம்பேரை எழுதிக்கங்க தாயி."

மஹ்ஜபீன் எழுந்து வந்து அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"யார் வேண்டாம்னு சொன்னதுங்கிறது எனக்குப் பெரிசில்லம்மா. காலை எடுத்துருவாங்கன்னு யாருக்குத்தான் பயம் இருக்காது? அந்தப் பயத்தைப் போக்கி, எடுத்துச் சொல்லி அனுப்ப வேண்டியது அங்க இருந்தவங்க வேலை. அதை விட்டுட்டு, கிளம்பாத டாக்டரைக் கிளம்பிட்டாருன்னு சொல்லி உங்களை இருக்க வச்சிருக்காங்க. நான் விசாரிக்கிறது அதைத்தான்."

"போயிருந்தா பொழச்சிருப்பாரா?"

இந்தக் கேள்வியைத்தான் வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கேட்காமல் தவிர்த்து வந்தார்கள்.

"நிச்சயமா சொல்ல முடியாதும்மா" என்றார் மஹ்ஜபீன். "கிருமி ரத்தத்துல ரொம்ப ஏறியிருந்தது. காலையிலயே போயிருந்தா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். பொழச்சிருப்பாருன்னு உங்க மேல பழி போடறதுக்கோ, பொழச்சிருக்க மாட்டாருன்னு உங்க மனசு லேசாகறதுக்கோ நான் சொல்லக்கூடாது."

ஜக்கம்மாள் அழுவாள் என்று தீபா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "சரிங்க தாயி" என்று எழுந்தாள். வெளியே வந்ததும், "அவனுக்குப் போனைப் போடு" என்றாள்.

கண்ணன் வேடசந்தூரிலிருந்து வந்து சேர்வதற்குள் அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள். அவன் தீபாவைப் பார்க்காமல் அம்மாவின் எதிரில் நின்றான்.

"ஏம்மா அங்க போன? யாரு உன்னைக் கேட்டா?"

"நீ சொமந்துக்கிட்டுத் திரியிறதைப் பாத்துக்கிட்டு நான் வீட்ல உக்காந்து சோறு திங்கவா?" என்றாள் ஜக்கம்மாள். "ஏலே, அவ மேல கோவப்படாத. அவ காதுல கேட்டதைத்தான் சொன்னா. எனக்குத்தான் சொல்லத் தைரியம் இல்லாமப் போச்சு."

கண்ணன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். தீபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"டிரைவர் சொன்னதை எங்கிட்ட ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்று கேட்டான். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

"அக்கா வேலை போயிருமேன்னு பயந்தேன். நீங்க அத்தைக்காகப் பயந்த மாதிரிதான்."

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை அவளிடம் நீட்டினான். அன்று மில்லுக்குத் திரும்பிப் போகவில்லை.

விசாரணை அறிக்கை வர மழைக்காலம் ஆகிவிட்டது. நோயாளியை விட்டுப் போன பெரிய டாக்டர் மாற்று ஏற்பாடு செய்யவில்லை என்றும், போனில் தகவல் தெரிந்த பிறகும் வரவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அவர்மேல் மருத்துவக் கவுன்சிலுக்குப் பரிந்துரை போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். குடும்பத்தார் தாமதித்தது தவறான தகவலை நம்பியதால்தான் என்றும் இருந்தது. செபாஸ்தியம்மாள் அன்று உள்ளே எதையும் மறுக்கவில்லை என்பது தீபாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் கிளம்பிவிட்டதாகச் சொல்லி நோயாளியை வெளியே விடாமல் வைத்திருக்கும்படி மேனேஜர் போனில் சொன்னதாகவும், தான் அதைச் சொன்னதாகவும் அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். மறுநாளே வேலையை விட்டிருந்தாள்.

தீபா வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சம்பளம் குறைவு. செபாஸ்தியம்மாளின் வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு சாயங்காலம் போனாள். கதவைத் திறந்தது தமிழ்நிலா. "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க" என்றாள். உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. அந்த இருமலைத் தீபாவுக்குத் தெரியும். "சரிம்மா, வந்துட்டுப் போனேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.

அங்கே கண்ணன் வண்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

"பேசுனாங்களா?"

"இல்ல."

"இன்னொரு நாள் வருவோம்" என்றான் அவன். "நானும் வாரேன்."